முகம் தெரிந்தவர்கள்

பெரிய சிஸ்டரின் டிபன் கேரியர் கனத்தது. பாலத்துச் சோதனை மேசைமேல் தூக்கி வைத்த நொடியிலேயே லேப் அக்காவின் மணிக்கட்டுக்கு அது தெரிந்துபோயிற்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் கேரியர் காலியாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பூன் கிடந்து கடகடக்கும். இது கடகடக்கவில்லை. மணி ஐந்தே கால். ஆறு மணிக்குப் பாலத்தை மூடிவிடுவார்கள் என்பதால் பெண்கள் வரிசை பாலத்தின் முனையிலிருந்து மூலை மருந்துக்கடை வரைக்கும் நீண்டிருந்தது. மேல் அடுக்கைத் திறந்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம். நடு அடுக்கில் காகிதத்தில் சுற்றிய ரொட்டித் துண்டு இரண்டு. மூன்றாவது அடுக்கின் விளிம்பில் நகத்தை வைத்தபோதே அந்த வாசனை வந்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் மட்டும் வருகிற, ஸ்பிரிட்டும் அயோடினும் கலந்த வாசனை. பதினொரு வருஷமாக அதே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மூச்சு விடுகிறவளுக்கு அதில் சந்தேகம் வர வழியே இல்லை. நகத்தை எடுத்துக்கொண்டாள்.

“திறக்கலையா?” என்றார் பெரிய சிஸ்டர்.

“போதும் சிஸ்டர். நீங்க போங்க.”

பெரிய சிஸ்டர் கேரியரைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நன்றி என்று ஒரு தலையசைப்புக்கூட இல்லை. பாலத்தின் அந்த முனை வரைக்கும் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு நடக்கிறவரின் கழுத்து எப்படி விறைத்திருக்கும் என்று லேப் அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ரொம்ப நாள் தங்காது. கீழ்த்தளத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த வாரமே அவள் லேப் அக்காவாகிவிட்டாள். தன்னைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். பெரிய சிஸ்டர் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். லேப் அக்காவுக்குப் பிரசவமானபோது விடுப்பு நாளில் வீட்டிலிருந்து வந்து ஒன்பது மணி நேரம் பக்கத்தில் நின்றவர். அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

லேப் அக்கா கல்லூரியில் படித்த காலத்தில் தோழிகளோடு சேர்ந்து ரிசர்வ் படையில் பெயர் கொடுத்திருந்தாள். வருஷத்துக்கு இரண்டு வாரம் முகாம். காலையில் ஓட்டம், பகலில் முதலுதவி, சாயங்காலம் குறிபார்த்துச் சுடும் பயிற்சி. மற்ற ஐம்பது வாரமும் அது பீரோவுக்குள் மடித்து வைத்த ஒரு சீருடை, அவ்வளவுதான். போன வருஷம் ஆறு கரை உடைத்தபோது கூப்பிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் மூட்டை கை மாற்றினாள். அக்கரைக் கிழவி ஒருத்தியை முதுகில் சுமந்து வந்தாள். ஊரே கும்பிட்டது. இந்த வருஷம் வந்த அழைப்பாணையில் ‘உள்நாட்டுப் பாதுகாப்புப் பணி’ என்று இருந்தது. அக்கரையில் நூற்பாலையை மூடியதில் ஆரம்பித்த கலவரம் இரண்டு போலீஸ் நிலையங்களை எரித்து, ஒரு வாரமாக அடங்காமல் போயிருந்தது. பட்டாளம் எல்லையில் இருந்தது. போலீஸ்காரர்கள் தூங்கி ஐந்து நாளாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் இவர்கள்தான். லேப் அக்கா, ஒரு தையல்காரர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், பேக்கரி வைத்திருந்த ஒருவர் என்று நாற்பது பேர்.

பாலத்துக்குப் பொறுப்பாக வந்த கேப்டன் முழுநேரப் பட்டாளத்துக்காரர். சின்னக் குரல், நல்ல மரியாதை. முதல் நாள் எல்லாரையும் நிழலில் உட்கார வைத்துப் பேசினார்.

“வெளியூர்க்காரன் துப்பாக்கியோட நின்னா, ஊரைப் பிடிச்சுட்டாங்கன்னு ஜனங்க நினைப்பாங்க. நீங்க நின்னா பக்கத்து வீட்டுக்காரங்க நிக்கிற மாதிரி. அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு இங்க ஒரு முகமும் தெரியாது. உங்களுக்கு எல்லா முகமும் தெரியும்.”

அதை ஒரு பாராட்டு மாதிரிதான் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆண்கள் வரிசையின் மேசையருகே தையல்காரர் நின்றார். ஐம்பதை நெருங்குகிறவர். துணி விழுகிற விதத்தைப் பார்த்தே சட்டைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். லேப் அக்காவின் மகளுக்குப் பள்ளிச் சீருடை அவர்தான் தைத்துக் கொடுப்பார். இவளைத் ‘தங்கச்சி’ என்பார். முதல் வாரத்தில் கேப்டன் போகிற போக்கில் அவளிடம் கேட்டார்: “தையல்காரர் எப்படிம்மா? யார்கிட்ட ரொம்பப் பேசறார்?” நல்ல மனுஷர் சார், பழைய வாடிக்கைக்காரர்கள் வந்தால் நின்று பேசுவார், வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் தினமும் வருவார் என்று அவளும் போகிற போக்கில்தான் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வாட்ச் ரிப்பேர்க்காரரைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்து அனுப்பினார்கள். தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கப்புறம் தையல்காரர் முகத்தைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் கேப்டனிடம் தான் சொன்னதே நினைவுக்கு வந்தது.

வீட்டிலும் காற்று மாறியிருந்தது. மாடி வீட்டு அம்மாள், வாங்கிப்போன ஏணியைக் கதவில் சாய்த்துவிட்டு மணி அடிக்காமல் போயிருந்தாள். மகளோடு விளையாட வருகிற குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் எல்லாருக்கும் காய்ச்சலாம். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களுக்குள் போய் வருகிறவன்.

“நான் லிஃப்ட்டுக்குள்ள நின்னா, ஏறுறவங்க எல்லாம் மேல எரியற நம்பரையே பார்க்கறாங்க,” என்றான்.

“எப்பவும் அப்படித்தானே பார்ப்பாங்க.”

“இல்ல. இப்ப வேற மாதிரி பார்க்கறாங்க.”

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. “நீ அங்க நின்னு என்னதான் பண்ற? நேரா சொல்லு,” என்று கேட்டான். பை பார்க்கிறேன் என்றாள். “பையை மட்டுமா?” என்று கேட்டுவிட்டு அவன் செருப்பைத் துடைக்க ஆரம்பித்தான். கேரியரின் வாசனையைப் பற்றி அவனிடம் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமலே விட்டாள். கட்டிய புருஷனிடமே ஒரு வார்த்தையை அளந்து பார்த்து உள்ளே வைத்துக்கொண்டது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை.

வாசனைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலத்துக்கு வந்த இரண்டாவது நாளே கேப்டனின் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரப் பிரிவுப் பதிவேட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து அக்கரையிலிருந்து ஒரு காயக்காரரும் வரவில்லை. அடிபடாமல் போய்விட்டார்களா என்ன? எங்கேயோ ஒரு மூடிய அறையில் படுத்திருக்கிறார்கள். யாரோ கட்டுப்போடுகிறார்கள்.

மறுநாள் பகலில் கேப்டன் கூப்பிட்டு அனுப்பினார். பழைய சுங்கச்சாவடி அறையைத்தான் அவர் அலுவலகமாக வைத்திருந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். டீ வந்தது.

“உங்க ஆஸ்பத்திரி ஸ்டோர்ல சாமான் குறையுதாம். தையல் நூல், குளுகோஸ் பாட்டில், ஆன்டிபயாடிக் ஊசி. டீன் எழுதியிருக்கார்.”

“எனக்குத் தெரியாது சார். நான் இருபது நாளா இங்கதானே நிக்கறேன்.”

“தெரியும்மா. நான் உங்ககிட்டப் பேரு கேட்கலை. பேரு சொல்ல யாருக்குத்தான் மனசு வரும். எந்தப் பையை முழுசாத் திறந்து பார்க்கணும்னு மட்டும் யோசிச்சு வைங்க. நாளை மறுநாள்லருந்து நானே வந்து மேசைகிட்ட நிக்கலாம்னு இருக்கேன்.”

“எனக்கு அப்படி யார் மேலயும் சந்தேகம் இல்ல சார்.”

கேப்டன் தலையாட்டினார். பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். தெரியாது, இல்லை என்று இரண்டே பதில்தான் சொல்லியிருந்தாள். அதிலிருந்து எடுத்து எழுத என்ன இருக்கிறது என்று வெளியே வந்த பிறகும் அவளுக்குப் பிடிபடவில்லை. குடிக்காமல் வைத்துவிட்டு வந்த டீயைப் பற்றி எழுதியிருப்பாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அன்று சாயங்காலம் வரிசை நகர நகர அவள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லாமல் விட்டால் நாளை மறுநாள் கேப்டன் கண்முன்னாலேயே அந்த மூன்றாவது அடுக்கு திறக்கும். சொன்னால், சொன்னவள் ஆவாள். பெரிய சிஸ்டர் வந்தார். அதே கேரியர். அதே கனம். லேப் அக்கா மேல் அடுக்கைத் திறந்து மூடுகிற சாக்கில் குனிந்தாள்.

“நாளையிலருந்து கேரியர் வேணாம் சிஸ்டர்.”

பெரிய சிஸ்டரின் கண் ஒரு கணம் சீருடையின் தோள்பட்டையில் இருந்த பட்டையில் நின்றது.

“யாரு சொல்லச் சொன்னாங்க?”

“யாரும் இல்ல. நானாத்தான்.”

“நீயா,” என்றார் பெரிய சிஸ்டர். கேள்வியா இல்லையா என்று தெரியாத குரலில். கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்து மேசையில் தையல்காரர் ஒரு கிழவரின் கோட்டை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டு அவர் கையில்தான் இருந்தது. கண் எங்கே இருந்தது என்று அப்போது அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் பெரிய சிஸ்டர் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையோடு வந்தார். குடை, மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி ரொட்டி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினார். “நல்லாப் பாரு. ஒண்ணும் விடாமப் பாரு,” என்றார், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி. வரிசையில் இருந்த பெண்கள் லேப் அக்காவைப் பார்த்தார்கள். குடையை விரித்துப் பார்த்து மடித்துக் கொடுத்தாள். வெட்கமாக இருந்தது, ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியும் இருந்தது. தப்பித்தாயிற்று. கேப்டன் சொன்ன நாளில் மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

எச்சரித்ததிலிருந்து நான்காம் நாள் காலை அக்கரையில் மூன்று தெருக்களை அடைத்தார்கள். ஆஸ்பத்திரியின் சலவை வேன் அழுக்குத் துணிகளோடு ஒரு மூடிய அச்சகத்தின் பின்பக்கம் போய் நின்றபோது அங்கே ஏற்கெனவே கேப்டனின் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்களாம். உள்ளே ஆலைத் தொழிலாளர்கள் ஆறு பேர் படுத்திருந்தார்கள். தொடை எலும்பு முறிந்த ஒருவர், கண்ணில் ரப்பர் குண்டு பட்ட ஒரு பெண். ஆறு பேரையும் போர்வையோடு தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ஒருவர் வழியிலேயே இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். இல்லை, ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றும் சொன்னார்கள். வேன் டிரைவரை அங்கேயே பிடித்தார்கள். பெரிய சிஸ்டரை வார்டில் வைத்து, ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, கூட்டிக்கொண்டு போனார்கள்.

பாலத்தில் நின்றபடியே லேப் அக்கா இதைக் கேட்டாள். வேன் எப்படித் தெரிந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. வேன் விஷயம் அவளுக்கே தெரியாதே.

நாற்பதாவது நாள் ரிசர்வ் ஆட்களைக் கலைத்தார்கள். வேறு ஊரிலிருந்து வேறு நாற்பது பேர் வந்தார்கள். கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கப் போனபோது கேப்டன் எழுந்து நின்றார்.

“ரொம்ப உதவியா இருந்தீங்கம்மா.”

“நான் ஒண்ணும் சொல்லலையே சார்.”

“ஆமா,” என்றார் கேப்டன். “நீங்க ஒண்ணும் சொல்லலை.” அதில் கிண்டலே இல்லை. நிஜமாகவே மரியாதையாகச் சொன்னார். அவர் திரும்பி முத்திரையைத் தேடிய நேரத்தில் மேசைமேல் விரிந்து கிடந்த கோப்பு அவள் கண்ணில் பட்டது. ஒரு சின்னத் துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. ‘5.17. தலைமை நர்ஸ். லேப் குனிந்து பேசியது நாலைந்து வார்த்தை.’ ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு. மகளின் பாவாடை அளவு எழுதிய சீட்டுகளில் அதே கோடு போட்ட ஏழாம் எண்ணை அவள் ஏழு வருஷமாகப் பார்த்திருக்கிறாள்.

வெளியே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கணக்கு முழுசாகக் கூடி வந்தது. கேப்டனுக்கு அவளிடமிருந்து பதிலே தேவைப்பட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் யாரிடம் குனிகிறாள் என்பதுதான் தேவைப்பட்டது. அவள் பெரிய சிஸ்டரிடம் சொன்னாள். கேரியர் நின்றதால் மருந்தை வேனில் எடுத்துப்போகச் சொல்லிப் பெரிய சிஸ்டர் வேன் டிரைவரிடம் சொன்னார். அந்த எச்சரிக்கை கைமாறிப் போன வழியிலேயே அவர்கள் சாவகாசமாகப் பின்னால் நடந்து போயிருக்கிறார்கள்.

தையல்காரர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். அவள் போய் எதிரில் நின்றாள்.

“ஏன் அண்ணே?”

அவர் நிமிரவில்லை. பூட்டைச் சங்கிலியோடு சுற்றிப் பைக்குள் போட்டார். “உன்னைப் பத்தி என்கிட்டக் கேட்டாரு. கண்டதைச் சொன்னேன். வாட்ச் ரிப்பேர்க்காரனை அன்னைக்கு உட்கார வச்சாங்களே, அதுக்கப்புறம் அவன் என் கடைப் படி ஏறலை.” கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். “என்னைப் பத்தி உன்கிட்ட ஒண்ணும் கேட்கலையா தங்கச்சி?”

அவர் சைக்கிளில் ஏறிப் போனார்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய நாற்காலி, மைக்ரோஸ்கோப், சாவிக்கொத்து எல்லாம் அப்படியே இருந்தன. பதினொரு மணி டீக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வார்டுகளிலிருந்து ரத்தக் குப்பிகளைக் கொண்டு வருகிற ஆயா, அவற்றை மேசையில் வைக்காமல் வாசலில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அன்று வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டு முடித்துவிட்டு, “நீ வாயைத் திறக்காமலே இருந்திருந்தா?” என்றான்.

“சிஸ்டரை மேசையிலயே பிடிச்சிருப்பாங்க.”

“இல்லைன்னா அந்தக் கேப்டன் மேசைகிட்ட வந்திருக்கவே மாட்டான். அன்னைக்கு அவன் வரலைதானே?”

இதை அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது புதிதாக இருந்தது.

இருபது நாள் வைத்திருந்து பெரிய சிஸ்டரை விட்டுவிட்டார்கள். வேலை போயிற்று. வேன் டிரைவர் இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப் அக்கா சாதாரணச் சேலையில் பெண்கள் வரிசையில் நின்றாள். முகம் தெரியாத ஒருத்தி அவள் கைப்பையைத் துழாவி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். தெரிந்தவர் வீட்டுக்கு என்றாள். அக்கரைத் தெருக்களில் பாதிக் கடைகள் திறந்திருந்தன. பெரிய சிஸ்டரின் வீடு இரண்டாவது மாடியில். கதவின் நடுப்பலகை மட்டும் புது மரம். இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. பெரிய சிஸ்டரே திறந்தார். வீட்டு உடையில் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சின்ன உருவமாக இருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழியை விட்டு விலகி ஜன்னலோரம் போய் நின்றார்.

லேப் அக்கா உட்காராமலே சொன்னாள். கேரியரின் கனத்திலிருந்து ஆரம்பித்து, கேப்டனின் டீ, குனிந்து சொன்ன அந்த வார்த்தைகள், துண்டுச் சீட்டு, வாட்ச் ரிப்பேர்க்காரர் உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னாள். “நான் சொல்லிக் கொடுக்கலை சிஸ்டர். உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அதனாலதான் ஆச்சு,” என்று முடித்தாள். தன் குரல் தனக்கே யாரோ சொல்லிக் கொடுத்த பாடம் மாதிரி கேட்டது.

பெரிய சிஸ்டர் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப இங்க வந்து இதைச் சொல்லணும்னு உனக்கு யாரு சொன்னாங்க?”

“யாரும் இல்ல சிஸ்டர். நானாத்தான்.”

“அன்னைக்கும் நீயாத்தான் சொன்னே.”

அன்றைக்கும் லேப் அக்கா தானாகத்தான் சொன்னாள். அது பொய்யே இல்லை. தானாக என்று ஒரு மனுஷி நினைத்துக்கொள்வதற்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்க முடியும் என்று அவளுக்கு இப்போது தெரியும். விடுதலையானவர் வீட்டுக்கு யார் முதலில் போகிறார்கள் என்று பார்க்க ஒருவர் காத்திருந்தால்? பாலத்தில் அந்தப் பெண் எங்கே போகிறீர்கள் என்று ஏன் கேட்டாள்? பையைப் பார்த்தால் போதாதா? அவளை அறியாமலே கால்கள் ஜன்னல் பக்கம் போயின.

கீழே தெரு முனையில் பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். கையில் மடித்த செய்தித்தாள். படிக்கவில்லை. விசிறிக்கொள்ளவும் இல்லை.

“எவ்வளவு நேரமா நிக்கறான்?” என்று லேப் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“நீ வந்ததுக்கப்புறம்தான் பார்த்தேன்.”

“பஸ் ஓடுதா இந்தப் பக்கம்?”

“கலவரத்துல நிறுத்தினாங்க. இந்த வாரம் விடப்போறதா சொன்னாங்க. விட்டாங்களான்னு தெரியல.”

இரண்டு பேரும் திரையின் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தபடி நின்றார்கள். அந்த ஆள் ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தெரு வளைகிற இடத்தில் வெயில் மட்டும் இருந்தது. வெகு தூரத்தில் ஏதோ ஒரு வண்டி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸா, லாரியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஆள் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வளைவைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்து நின்றான்.